பணம் என்னுடையது, சட்டம் உங்களுடையது

தில்லியில் வங்கிக் கவுன்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்தே தலை நரைத்து, பணி ஓய்வு பெற்றவன் நான். கரோல்பாக் கடைக்காரர், ஆர்.கே.புரம் அரசு ஊழியர், முனிர்க்காவில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் மாணவர் என்று யார் வந்தாலும் சண்டை ஒரே வாக்கியத்தில்தான் தொடங்கும்: "பணம் என்னுடையது."

சட்டப்படி அது சரியில்லை. 1848-இல் ஃபோலி - ஹில் வழக்கில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்ப்பு சொல்லிவிட்டது. வங்கியில் போட்ட பணம் வங்கியின் பணம். போட்டவர் வங்கிக்குக் கடன் கொடுத்தவர், அவ்வளவுதான். நம் நாட்டு வங்கிகளும் அந்த வழியில்தான் நடக்கின்றன. ஆக, கடன் கொடுத்தவர் வரிசையில் கால் கடுக்க நிற்பதும், கடன் வாங்கியவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு "ஆதார் ஜெராக்ஸ் எங்கே?" என்று அதட்டுவதும் இந்த ஒரு தொழிலில் மட்டுமே நடக்கும். இதையெல்லாம் வாடிக்கையாளரிடம் சொல்ல முடியுமா? "உங்கள் பணம் உங்களுடையது இல்லை" என்று கரோல்பாக்கில் ஒருவரிடம் சொல்லிவிட்டு முழுசாக வீடு திரும்ப முடியாது.

அஜ்மல்கான் சாலையில் கடை வைத்திருந்த ஒரு லாலாஜி நீண்ட நாள் கழித்து வந்தார். கணக்கு முடங்கியிருந்தது. இரண்டு வருஷம் வாடிக்கையாளர் போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை என்றால் கணக்கு செயலற்றதாகிவிடும். "வட்டி ஏறியிருக்கே, அது வரவு இல்லையா?" என்றார்.

"வட்டி நாங்க போட்டது லாலாஜி. நீங்க ஏதாவது செய்திருக்கணும்."

"செய்துகொண்டுதானே இருந்தேன்? எடுக்காமல் இருந்தேன். அதற்குப் பெயர்தானே சேமிப்பு? கணக்குப் புத்தகத்தில் 'சேமிப்புக் கணக்கு' என்றுதானே அச்சடித்திருக்கிறீர்கள்?"

எந்தச் சுற்றறிக்கையிலும் இதற்குப் பதில் கிடையாது. படிவத்தை நீட்டினேன்.

கூட்டுக் கணக்கு இன்னும் ஆபத்தான பிரதேசம். 'இருவரில் எவரேனும் அல்லது உயிரோடிருப்பவர்' என்று ஒரு வகை. 'முதலாமவர் அல்லது உயிரோடிருப்பவர்' என்று இன்னொரு வகை. இரண்டாவதில் முதல் பெயர்க்காரர் இருக்கும்வரை அவர் மட்டும்தான் பணம் எடுக்கலாம். மயூர் விஹாரிலிருந்து வந்த ஒரு தமிழ்த் தம்பதிக்கு இதை விளக்க வேண்டியதாயிற்று. மாமி நீட்டிய செக்கைத் திருப்பிக் கொடுத்தேன்.

"என் பேரும் இருக்கே சார்?"

"இருக்கு மாமி. ஆனா மாமா இருக்கிறவரைக்கும் மாமாதான். அதுக்கப்புறம் நீங்க."

மாமி ஒன்றும் சொல்லவில்லை. மெதுவாகத் திரும்பி மாமாவை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தார். மாமா உடனே, "எவரேனும்னு மாத்திடுங்கோ சார், இன்னிக்கே மாத்திடுங்கோ" என்றார். நான் பார்த்ததில் வாடிக்கையாளர் விதியை முழுமையாகப் புரிந்துகொண்ட சம்பவம் அது ஒன்றுதான்.

தில்லியில் தமிழர்களுக்கென்று தனியாக ஒரு தலைவலி உண்டு: இனிஷியல். எஸ். ராமநாதன் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பான் அட்டைக்கு ஒற்றை எழுத்து ஆகாது, விரித்து எழுத வேண்டும். அதனால் அதில் ராமநாதன் சுப்பிரமணியன். ஆதாரில் ராமநாதன் எஸ். பழைய பாஸ்புக்கில் எஸ். ராமநாதன். எங்கள் கிளையின் பஞ்சாபி அதிகாரி "சுப்ரமண்யம்ஜி!" என்று கூப்பிடுவார். காலமான அப்பாவை யார் தேடுகிறார்கள் என்று ராமநாதன் சுற்றுமுற்றும் பார்ப்பார். அவர் மகளின் குடும்பப் பெயர் ராமநாதன் என்றதும் அதிகாரிக்குச் சந்தேகம் முற்றிவிடும். "தாத்தா, அப்பா, பெண் மூவருக்கும் மூன்று குடும்பப் பெயரா? இது குடும்பமா, சங்கமா?" என்று என்னைக் கேட்பார். கேஒய்சி புதுப்பிக்க வந்த தமிழர்களுக்கெல்லாம் நான்தான் மொழிபெயர்ப்பாளர், சாட்சி, சில சமயம் ஜாமீன்.

மற்றவை சில்லறை. வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் படிவத்தை ஒருமுறை கொடுத்தால் ஆயுசுக்கும் போதும் என்று ஓய்வூதியர்கள் நம்புகிறார்கள். அதை நிதியாண்டுதோறும் கொடுக்க வேண்டும். நாமினி போட்டால் பணம் நாமினிக்கே சொந்தம் என்று நாமினிகள் நம்புகிறார்கள். வாரிசுகளுக்காகப் பணத்தைப் பெற்றுக்கொள்வதோடு அவர்கள் வேலை முடிகிறது. 2014 ஆகஸ்ட் 28-இல் தில்லி விக்ஞான் பவனில் ஜன் தன் திட்டம் தொடங்கி, முதல் நாளே ஒன்றரைக் கோடி கணக்குகள் திறந்தார்கள். அதிலிருந்த ரூ.5,000 ஓவர்டிராஃப்ட்டை அரசாங்கம் தரும் அன்பளிப்பு என்று நினைத்து, வாங்கிக்கொண்டு போகப் பையோடு வந்தவர்கள் உண்டு. அது கடன், ஆறு மாதம் கணக்கை ஒழுங்காக நடத்தியபின் கிடைப்பது என்று சொன்னால், நான்தான் இடையில் நின்று தடுக்கிறேன் என்று முகம் சுருங்கிவிடும்.

2020 ஏப்ரலில், ஊரடங்கின் நடுவே, பெண்களின் ஜன் தன் கணக்குகளில் மாதம் ரூ.500 வீதம் மூன்று மாதம் போட்டார்கள். உடனே எடுக்காவிட்டால் அரசாங்கம் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும் என்று வதந்தி. கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தை வைத்து நாள் பிரித்தோம். ஆதாரின் கடைசி இலக்கத்தைக் காட்டிக்கொண்டு வந்தார்கள். "பணம் எங்கேயும் போகாதும்மா, வீட்டுக்குப் போங்க" என்று முகக்கவசத்துக்குள்ளிருந்து கத்தினேன். வரிசையில் நின்ற ஒரு அம்மாள் அமைதியாகக் கேட்டார்: "நோட்டு செல்லாதுன்னு சொன்ன ராத்திரி, முன்னாடியே சொன்னீங்களா?"

அவர் கேட்டது நியாயம்தான். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. மாற்றிக்கொள்ள ரூ.4,000 வரை என்றார்கள். அது 4,500 ஆயிற்று, 2,000 ஆயிற்று, நவம்பர் முடிவதற்குள் நின்றேபோயிற்று. நடுவில் விரலில் மை வேறு. காலையில் நான் அடித்துச் சொன்ன விதி மறுநாள் பொய்யாகியிருக்கும். வாடிக்கையாளர் விதியைத் தவறாகப் புரிந்துகொள்கிறார் என்று அதற்கப்புறம் நான் வாய் கூசாமல் புகார் சொன்னதில்லை. அவர் விதியைப் படிப்பதில்லை, அது உண்மை. அனுபவத்தைப் படிக்கிறார்.

இருந்தாலும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பத்து வருஷம் யாரும் தொடாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். வாரிசுகள் பிறகும் கேட்டு வாங்கலாம். அப்படிக் கிடக்கும் கணக்குகளைத் தேட 2023 ஆகஸ்டில் 'உத்கம்' என்ற இணையதளத்தைத் திறந்திருக்கிறார்கள். உங்கள் அப்பா, தாத்தா பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். இனிஷியலோடு ஒருமுறை, இனிஷியலை விரித்து ஒருமுறை, பெயரைத் திருப்பிப் போட்டு ஒருமுறை.