இன்னும் ஒரு துண்டு எடுங்கள், இதயத்துக்கு நல்லது

மாத்தளை மாவட்டத்து மக்களுக்கு ஒரு நற்செய்தி. சொக்லேட் இதயத்துக்கு நல்லதாம். கோப்பி ஆயுளைக் கூட்டுமாம். சிவப்பு வைன் இரத்தக் குழாய்க்கு இதமாம். வெண்ணெய்கூட நாம் நினைத்த அளவுக்குப் பொல்லாதது இல்லையாம். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளின் சுகாதாரப் பக்கம் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்கிறது. முருங்கைக்கீரை நல்லது என்று போட்டால் வாசகர் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போவார். நீங்கள் ஏற்கெனவே ஒளித்துத் தின்றுகொண்டிருப்பதுதான் மருந்து என்று போட்டால் கத்தரித்து எடுத்து, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுவார். வயிறு நிறைந்தவருக்கு மனச்சாட்சியையும் நிரப்பிக் கொடுக்கிற பக்கம் அது.

இந்தச் செய்தியில் மாத்தளைக்குத் தனி உரித்து உண்டு. கொக்கோ இங்கே காய்க்கிறது. உக்குவளைப் பக்கமும் இரத்தோட்டைப் பக்கமும், மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே, நிழலில், தண்டோடு ஒட்டிக்கொண்டு தொங்கும். ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையமும் மாத்தளையில்தான் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்குக் கொக்கோ என்றால் காயை உடைத்து, விதையைச் சுற்றியிருக்கும் வெள்ளைச் சதையை உறிஞ்சுவது. விதையைத் துப்பிவிடுவார்கள். அவர்கள் துப்புகிற விதையைத்தான் உலகம் பொன்னிறத் தாளில் சுற்றி, இதயத்துக்கு நல்லது என்று விற்கிறது.

இதயம் மட்டுமா? மூளைக்கும் நல்லது. 2012இல் பிரான்ஸ் மெஸ்ஸெர்லி என்ற இதய மருத்துவர், நியூ இங்கிலாந்து மருத்துவச் சஞ்சிகையில் 23 நாடுகளின் கணக்கைப் போட்டுக் காட்டினார். எந்த நாட்டில் ஆள்வீதம் அதிகம் சொக்லேட் தின்கிறார்களோ அந்த நாட்டுக்கு அதிக நோபல் பரிசு. சுவிற்சர்லாந்து முதலிடம். ஆளுக்கு ஆண்டுக்கு 400 கிராம் கூடத் தின்றால், ஒரு கோடிப் பேருக்கு ஒரு நோபல் பரிசு கூடும் என்று கணக்கு வந்தது. மனிதர் விளையாட்டாகத்தான் எழுதினார். தானும் தினந்தோறும் சொக்லேட் உண்பவன் என்று கட்டுரையின் கடைசியில் ஒப்புக்கொண்டும் இருந்தார். பத்திரிகைகளோ விளையாட்டை விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டன. எடுத்ததுதான் எடுத்தோம், மாத்தளைக்கும் போட்டுப் பார்த்துவிடுவோம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் 484,531 பேர். எங்களுக்கென்று ஒரு முழு நோபல் பரிசு வேண்டுமானால் ஆளுக்கு ஆண்டுக்கு எட்டுக் கிலோவுக்கு மேல் கூடுதலாகத் தின்னவேண்டும். கைக்குழந்தையும் பாட்டியும் சேர்த்துத்தான். உலகத்துக்கே அதிகம் கொக்கோ விளைவித்துக் கொடுக்கிற ஐவரி கோஸ்ட்டுக்கு இன்னும் ஒரு நோபலும் கிடைக்காததன் காரணமும் இப்போது விளங்குகிறது. விளைவிப்பதில் பயனில்லை, தின்ன வேண்டும்.

இந்த ஆய்வுகளெல்லாம் எங்கே சமைக்கப்படுகின்றன என்று கேட்பது மரியாதை இல்லை. ஆனாலும் கேட்போம். 2015இல் ஜோன் பொஹானன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், ஜெர்மன் ஆவணப்படக்காரர்களோடு சேர்ந்து ஒரு வேலை செய்தார். இல்லாத ஒரு நிறுவனத்தின் பெயரில் பதினைந்து பேரை வைத்துப் பரிசோதனை. ஒவ்வொருவரிடமும் பதினெட்டு விதமான அளவுகள் எடுத்தார். பதினெட்டு அளவு எடுத்தால் ஏதாவது ஒன்று தற்செயலாகவே சாதகமாக விழும். எடையில் விழுந்தது. சொக்லேட் தின்றால் சீக்கிரம் மெலியலாம் என்று கட்டுரை எழுதி, 600 யூரோ கட்டி ஒரு சஞ்சிகையில் போடுவித்தார். ஜெர்மனியின் பில்ட் பத்திரிகை முதல் பக்கத்திலேயே போட்டது. எத்தனை பேரை வைத்துச் செய்தீர்கள் என்ற ஒற்றைக் கேள்வியைக் கேட்க அங்கே யாருக்கும் மனம் வரவில்லை. கேட்டிருந்தால் செய்தி போயிருக்கும்.

அது செய்தவரே பின்னர் வெளியே சொல்லிவிட்ட ஏமாற்று. சொல்லாமல் செய்ததும் உண்டு. 1967இல் ஹார்வர்ட் விஞ்ஞானிகள் மூவர், இதய நோய்க்குச் சீனியைவிடக் கொழுப்பே காரணம் என்ற வகையில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதற்கு அமெரிக்கச் சீனி வியாபாரிகளின் ஆய்வு மன்றம் 6,500 டொலர் கொடுத்திருந்தது என்ற சங்கதி 2016இல்தான் வெளியே வந்தது. நாளுக்கு ஒரு கிளாஸ் மது இதயத்துக்கு நல்லதா என்று பார்க்க அமெரிக்க அரசின் சுகாதார நிறுவனம் தொடங்கிய பத்துக் கோடி டொலர் ஆய்வை 2018இல் அவர்களே இழுத்து மூடினார்கள். மதுக் கம்பனிகளிடம் போய்க் காசு கேட்டுத் தொடங்கிய ஆய்வு அது என்று தெரிந்துபோயிற்று. நரியிடமே கோழிக்கூட்டுத் தணிக்கை.

கொக்கோவில் நல்லது ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஃபிளவனோல் என்ற பொருள் இருக்கிறது, அது இரத்தக் குழாயை இளக வைக்கிறது. நாளுக்கு 200 மில்லிகிராம் போதும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையகம் 2012இல் ஏற்றுக்கொண்டது. விண்ணப்பித்தது பெரிய கொக்கோக் கம்பனி ஒன்றுதான், இருக்கட்டும். ஆனால் ஃபிளவனோல் கசக்கும். கசப்பைக் குறைக்கவும்தான் கொக்கோவைப் புளிக்க வைக்கிறார்கள், வறுக்கிறார்கள், அல்கலி சேர்க்கிறார்கள். கசப்போடு மருந்தும் பெரும்பாலும் போய்விடுகிறது. அந்த இடத்தில் சீனியும் பாலும் வந்து உட்கார்கின்றன. பிறகு 21,000 பேருக்கு மேல் வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது, சொக்லேட் கம்பனியின் காசும் சேர்ந்துதான். சொக்லேட் கட்டி கொடுக்கவில்லை, கொக்கோச் சாற்றை மாத்திரையாகக் கொடுத்தார்கள். மாரடைப்பு முதலான இதய நோய்கள் எல்லாம் சேர்ந்த மொத்தக் கணக்கில் குறிப்பிடத்தக்க குறைவு இல்லை என்று 2022இல் முடிவு வந்தது. சுகாதாரப் பக்கம் அந்த மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கட்டியின் படத்தைப் போடுகிறது.

அடுத்தது கோப்பி. நாளைக்கு மூன்று நாலு கோப்பை குடிப்பவர்கள் சற்றுக் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்று பல நாட்டுக் கணக்குகள் காட்டுகின்றன. நம்புகிறேன். ஆனால் மாத்தளையில் நின்றுகொண்டு கோப்பி ஆயுளைக் கூட்டும் என்று சொல்வதற்குத் தனித் தைரியம் வேண்டும். இந்த ஊர் வழியாகத்தான் மலையக மக்களின் முன்னோர் நடந்தார்கள். தலைமன்னாரில் இறங்கி, காட்டுவழியே, தம்புள்ளை, நாலந்தை தாண்டி மாத்தளைக்கு. வெள்ளைக்காரனின் கோப்பித் தோட்டத்துக்குக் கூலியாட்கள். காலராவிலும் அம்மையிலும் பசியிலும் வழிநெடுக விழுந்தார்கள். விழாமல் வந்து சேர்ந்தவர்கள் முத்துமாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு மலையேறினார்கள். 1869இல் கோப்பி இலையில் துரு விழுந்தது. பிரித்தானியப் பேரரசு பிறகு தாவர நிபுணரை அனுப்பியது. இலைக்கு. 2023இல் மலையக மக்கள் வந்து 200 ஆண்டானதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் பதினாறு நாள் நடந்தார்கள். கோப்பி ஆயுளைக் கூட்டும் என்ற செய்தியை அந்த நடைபாதையின் எந்தக் கல்லில் பொறிக்கலாம் என்று சுகாதாரப் பக்க ஆசிரியர் சொன்னால் நன்றாக இருக்கும்.

கோப்பி போய்த் தேயிலை வந்தது. தேயிலையிலும் மருந்து இருக்கிறது, பொலிஃபீனோல். சிங்கம் போட்ட பெட்டிக்குள் அடைத்து, புற்றுநோயிலிருந்து ஞாபகமறதி வரைக்கும் பெயர் சொல்லி விற்கலாம். பெட்டி கப்பலேறுகிறது. லயத்துக்கு வருவது தூள். விடிய எழும்பி, பெரட்டுக்குப் போகும் முன் ஒரு சாயத்தண்ணி, உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைத்து நக்கிக்கொண்டு. பத்து மணிக்கு மலையில் ரொட்டியும் சம்பலும், தொண்டையில் இறங்கத் தேத்தண்ணி. இப்படிச் சாப்பாட்டோடு குடிக்கிற தேத்தண்ணி, மாவிலும் பருப்பிலும் கீரையிலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்து வைப்பது எது? அதே பொலிஃபீனோல்தான். இறைச்சியும் மீனும் தின்கிற லண்டன்காரருக்கு அது அமுதம். ரொட்டியை மட்டும் தின்கிற கொழுந்துக்காரிக்கு இரத்தசோகை. பெட்டியில் அச்சிட இடம் போதவில்லை போலும்.

2016ஆம் ஆண்டு குடித்தொகை, சுகாதார அளவீடு சொல்கிறது: ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுக்க நூற்றுக்குப் பதினேழு. தோட்டங்களில் 31.7. மூன்று பிள்ளைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் இந்தத் தாய்மாருக்கு நல்ல புத்தி சொல்லப்படுகிறது. பிள்ளைக்குப் பால் கொடுங்கள், முட்டை கொடுங்கள், மீன் கொடுங்கள், சீனியைக் குறையுங்கள். சொல்லுகிற மிட்வைஃப் பாவம், எழுதிக் கொடுத்ததைச் சொல்கிறார். 2022இல் பால்மா விலை ஏறி, கடையில் ஒரு கோப்பை பால்தேத்தண்ணி 100 ரூபாயைத் தொட்டபோது தோட்டத்து நாட்சம்பளம் ஆயிரம் ரூபா. அந்த ஆயிரத்தையும் 2021இல் போராடித்தான் வாங்கினார்கள். 2024இல் 1,700 என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் உயர் நீதிமன்றம் போய்த் தடையுத்தரவு வாங்கின. கடைசியில் 1,350. பிறகு 2025 நவம்பரில் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தில் 1,550, அதற்கு மேல் வரவுக்கென்று 200, அந்த இருநூறை அரசாங்கமே கட்டும் என்றார்கள். ஆக, கம்பனிக்கு வேலை செய்ய வந்த ஆளுக்குப் பொதுமக்கள் வரிக்காசில் ஒரு பங்கு. அந்த நாட்சம்பளமும் கேட்ட கிலோ கொழுந்து எடுத்தால்தான். காணாவிட்டால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். கொழும்பு சூப்பர்மார்க்கெட்டில் இதயத்துக்கு நல்ல இறக்குமதிக் கறுப்புச் சொக்லேட்டின் விலைச்சீட்டைத் திருப்பிப் பாருங்கள். முழுப்பேர் விழுந்தாலும் முழுக்கட்டி வாங்குவது கஷ்டம்.

ஒரே சீனிதான். கொழும்பு மேசையில் சொக்லேட்டுக்குள் இருந்தால் அதன் பெயர் ஃபிளவனோல். லயத்து உள்ளங்கையில் இருந்தால் அதன் பெயர் அறியாமை. மதுவும் அப்படியே. 1991இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று பிரெஞ்சுக்காரரின் இதய இரகசியம் சிவப்பு வைன் என்று சொன்ன நாளிலிருந்து, ஹோட்டல் மேசையில் கிளாஸ் தூக்குகிறவர் இதயத்துக்காகத்தான் குடிக்கிறார். உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில், மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றுமே இல்லை என்று சொன்னது, அது அவர் காதில் விழவில்லை. இரத்தோட்டைத் தோட்டத்து மனுசன் மழையில் மருந்தடித்துவிட்டு வந்து கால் போத்தல் குடித்தால் மட்டும் அது சமூகச் சீரழிவு, கருத்தரங்குக்குரிய தலைப்பு. கசிப்புக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அது வீட்டைக் கொல்லும், கண்டிருக்கிறேன். மேல்மேசையில் அதே விஷத்துக்கு மருந்துச்சீட்டு எழுதுகிற பேனாவைத்தான் கேட்கிறேன்.

ஆய்வாளர்களுக்கு ஒரு யோசனை இருக்கிறது. அடுத்த ஆய்வை எல்கடுவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வையுங்கள். ஒரு கூட்டத்துக்கு நாளுக்கு ஒரு முட்டை, ஒரு கோப்பை பால். இன்னொரு கூட்டத்துக்குக் கேட்ட சம்பளம், முட்டையையும் பாலையும் அவர்களே வாங்கிக்கொள்வார்கள். ஐந்து வருடத்தில் பிள்ளைகளின் உயரத்தை அளந்து பாருங்கள். காசு யார் போடுவது என்று கம்பனிகளைக் கேட்டால், சம்பளப் பேச்சுவார்த்தையில் சொல்கிற அதே பதிலைச் சொல்வார்கள், கட்டுப்படியாகாது. ஒப்பிட்டுப் பார்க்க வெறும் மாத்திரை கொடுக்கிற கூட்டம் ஒன்றும் வேண்டுமே என்று விஞ்ஞானிகள் கவலைப்படத் தேவையில்லை. அந்தக் கூட்டம் தயாராக இருக்கிறது. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு வேளை, தவறாமல் கொடுத்து வருகிறார்கள்.