நூற்றிருபது வெள்ளி டீ செட்டு

சனிக்கிழமை காலை. கோப்பி ஓவும் பத்திரிகையுமாக நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே மனைவி யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். "டீ செட்டு நூத்தி இருபதா? போன தடவை நூறுதானே வாங்குனீங்க? சரி, பதினோரு மணிக்குத் தூக்கிட்டு வர்றோம்."

காசு கொடுத்து வாங்கப்போகிற டீ செட்டை நாம் ஏன் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்ற சந்தேகம் எனக்கு அப்போதே வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"அலமாரியில ஏற்கெனவே ரெண்டு டீ செட்டு சும்மாதானே கிடக்கு?" என்றேன்.

"டீ செட்டு இல்லைங்க, டீ-ஷெட்டு. கேசரிக்கு முடி எடுக்கணும்."

கேசரி எங்கள் பூனை. பாதி பெர்சியன், பாதி ஜெலுத்தோங் சந்து. ஆரஞ்சு நிறத்தைப் பார்த்து, ரவா கேசரியை நினைத்து மகள் வைத்த பெயர். கேசரி என்றால் பிடரிமயிர் உடையது, அதாவது சிங்கம் என்று பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. அதற்குள் வீட்டில் கேசம் இல்லாத இடமே இல்லாமல் போயிருந்தது. சோபாவில், சாமி மேடையில், ரசத்தில், மூடிவைத்த மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள். என் வெள்ளை வேட்டிகள் எல்லாம் இப்போது ஆரஞ்சுக் கரை வேட்டிகள்.

இதை எந்தச் சொல்லால் சொல்வது என்பதிலேயே எனக்குச் சிக்கல். தலையில் இருந்தால் முடி, உடம்பில் இருந்தால் ரோமம். ரசத்தில் கிடந்தால் வாயில் வருவது வேறு சொல். அதை மகள் முன்னால் சொல்ல முடிவதில்லை. வள்ளுவர் கூசாமல் எழுதிவிட்டார். ஒரு மயிர் போனாலும் கவரிமா உயிரை விட்டுவிடுமாம். எங்கள் வீட்டுக் கவரிமா நாளுக்கு ஒரு கைப்பிடி விடுகிறது, மானம் போன அறிகுறியே இல்லாமல் விடிகாலை ஐந்து மணிக்குச் சாப்பாடு கேட்டுக் கத்துகிறது. மலாய்க்காரர்களுக்கு இந்தச் சொல்தொல்லை கிடையாது. மனிதன் தலையில் இருந்தால் ரம்புட், மற்ற இடத்தில் எல்லாம் பூலு. ரம்புத்தான் பழத்துக்குப் பெயர் வந்ததே அந்த ரம்புட்டில் இருந்துதான்.

கடைக் கண்ணாடியில் 'குச்சிங் சஹாஜா' என்று எழுதியிருந்தது. பூனைகள் மட்டும். உள்ளே துடோங் அணிந்த இரண்டு மலாய்ப் பெண்கள். நான்கு கடை தள்ளி ஒரு சீனர் நாய்களைக் குளிப்பாட்டுகிறார். எங்கள் வட்டாரத்தில் பூனைக்கு மலாய்க்காரர், நாய்க்குச் சீனர், மனிதனுக்குத் தமிழர் என்று முடி விவகாரம் சண்டையில்லாமல் பிரிந்துகிடக்கிறது.

"பூனைதான் நாள் முழுக்கத் தன்னை நக்கிக்குதே, இதுக்கு மேல என்ன இருக்கு?" என்று கேட்டேன். நூற்றிருபது வெள்ளியைக் காப்பாற்ற என் கடைசி முயற்சி.

அந்தப் பெண்களில் ஒருத்தி சிரித்தாள். "நக்குது அங்கிள். அப்புறம் அதெல்லாம் எங்கே போகுது?"

எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். வயிற்றுக்குள் போய், உருண்டையாகி, விருந்தாளி வரும் நாளில் பாயில் வந்து விழும். பூனை நாக்கில் பின்பக்கம் வளைந்த முட்கள் இருக்கின்றன. அவற்றின் நுனி சின்னக் கரண்டி மாதிரி குழிந்திருப்பதையும், அந்தக் குழியில் எச்சிலை ஏந்தித்தான் பூனை தோல் வரைக்கும் நனைக்கிறது என்பதையும் 2018-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். விழித்திருக்கும் நேரத்தில் கால்பங்கை இந்த வேலைக்கே கொடுக்கிறதாம். ஆனால் முள் பின்பக்கம் வளைந்திருப்பதால் சிக்கிய முடியைத் துப்ப வழியில்லை. உள்ளே தள்ளத்தான் முடியும்.

எனக்குப் புரியாதது வேறொன்று. குளிர்நாட்டுப் பிராணி பனிக்காலத்துக்குக் கம்பளி வளர்த்துக்கொள்கிறது, வெயில் வந்ததும் கழற்றிப்போடுகிறது. நியாயம். பினாங்கில் ஏது பனிக்காலம்? இங்கே இரண்டே பருவம்: வெயில், மழையோடு வெயில். விளக்கம் கேட்டபோது வெட்கமாகப் போயிற்று. முடி பெரும்பாலும் வெயிலைப் பார்த்து உதிர்வதில்லை, பகலின் நீளத்தைப் பார்த்து உதிர்கிறது. லண்டனில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒன்பது மணி நேர வித்தியாசம். அங்குள்ள பூனைக்குத் தேதி தெரியும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கோ அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். போதாக்குறைக்கு நாடகம் முடியும்வரை வீட்டில் டியூப்லைட் எரிகிறது. கேசரிக்கு இது எந்த மாதம் என்றே தெரியவில்லை. அங்கே மொத்தமாகக் கொட்டுவதை இங்கே ஆண்டு முழுக்கச் சில்லறையாகக் கொட்டுகிறது.

வேலை ஆரம்பித்தது. முதலில் சீவினார்கள், பிறகு ஷாம்பு, கண்டிஷனர். கேசரி நனைந்ததும் அதன் உண்மையான அளவு தெரிந்தது. ஆறு கிலோ என்று நாங்கள் பெருமையடித்துக்கொண்டதில் பாதி காற்று. அப்புறம் புளோவரை எடுத்தார்கள். கார் கழுவுமிடத்தில் வருமே, அந்த மாதிரிக் காற்று. சூடு இல்லை, வேகம்தான். உதிரத் தயாராக உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் அடிமுடியை அது ஊதித் தள்ளுகிறது. இலவங்காய் வெடித்த மாதிரி அறை முழுக்க ஆரஞ்சுப் பஞ்சு. பெண்கள் முகக்கவரி போட்டிருந்தார்கள். நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன், தவறுதான். கேசரி துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, எங்கள் குடும்பத்தைப் பற்றி அதற்குத் தெரிந்த எல்லாவற்றையும் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் பல் வைத்த சீப்பால் வாரினார்கள். மேல்முடியை விட்டுவிட்டு அடிமுடியை மட்டும் வாரி எடுக்கும் சீப்பு. அழுத்தி இழுத்தால் நல்ல முடியும் அறுந்துபோகும், தோலும் சிவந்துவிடும், அதனால்தான் வீட்டில் செய்யாதீர்கள் என்றாள்.

"மொட்டையே போட்டுட்டா ஒரே வேலையா முடிஞ்சிடுமே?" என்றேன்.

கேட்டிருக்கக் கூடாது. பக்கத்து வீட்டு ஹஸ்கி கண் முன்னால் வந்து நின்றது. சைபீரியாவில் பனிவண்டி இழுக்கப் பிறந்த இனம், இங்கே வரிசை வீட்டுக் கேட்டுக்குப் பின்னால் ஐஸ்கட்டியை நக்கிக்கொண்டிருக்கிறது. போன தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் முடியிறக்கிவிட்டு வந்த அந்த வீட்டுத் தம்பி, வெக்கையில் நாய் படும் பாடு தாங்காமல் அதற்கும் ஒரு மொட்டை போட்டுவிட்டான். மனசு நல்ல மனசு. ஆனால் நாய் உடம்பால் வியர்ப்பதில்லை; பாதத்தில் கொஞ்சம், மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை இறக்குகிறது. அந்த இரட்டை முடி குளிருக்கு மட்டும் போர்வை இல்லை, வெயிலுக்கும் குடை. குடையைப் பிடுங்கிக்கொண்டு காற்றோட்டமாக இரு என்றால் எப்படி? அடிமுடி சீக்கிரம் வந்துவிடும், மேல்முடி ஆடி அசைந்துதான் வரும், சில நாய்களுக்குச் சரியாக வராமலே போவதும் உண்டு. தம்பிக்குச் சித்திரைக்குள் தலை நிறைய முடி. ஹஸ்கி தீபாவளி வரைக்கும் கரையான் அரித்த கம்பளி மாதிரி திரிந்தது.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கேசரியை ஒரு கையிலும், எடுத்த முடியை ஒரு பிளாஸ்டிக் பையிலும் கொடுத்தார்கள். பைக்குள் இன்னொரு கேசரியே இருந்தது. இனிமேல் உதிராது என்றில்லை, சில வாரங்களுக்குக் குறைவாக உதிரும், அடுத்த மாதம் வாருங்கள் என்றாள். திருப்பதியில் இறக்கிய முடி ஏலத்தில் கோடிக்கணக்கில் போகிறது. இதற்கு என்ன விலை என்று யோசித்துக்கொண்டு காரில் ஏறினேன். ஜப்பானில் உதிர்ந்த பூனைமுடியில் தொப்பி செய்கிறார்கள் என்று மகள் கைப்பேசியில் படம் காட்டினாள். காட்டிவிட்டு என் தலையைப் பார்த்தாள். மனைவியும் பார்த்தாள்.

என் தலையைப் பற்றிச் சொல்லாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். காதுக்கு மேலே இரண்டு பக்கமும் கொஞ்சம், பின்னால் ஒரு பிறை, நடுவில் பாடாங். இருப்பதைக் காப்பாற்ற மாதம் ஐம்பது வெள்ளிக்கு மூலிகை எண்ணெய் வாங்குகிறேன். அதே வீட்டில் அதே மாதம், கொட்டுவது போதவில்லை என்று இன்னும் கொட்டவைக்க நூற்றிருபது.

கேசரிக்கு வாட்ஸ்அப்பில் நேரம் குறித்தால் போதும். எனக்கு லிட்டில் இந்தியாவில் முக்கால் மணி நேரம் காத்திருப்பு. தமிழ்நாட்டிலிருந்து முடிதிருத்த ஆள் எடுப்பதை 2009-இல் அரசாங்கம் நிறுத்திவைத்ததில் நாற்காலி நான்கு இருந்தும் ஆள் ஒருவர் என்று கடைகள் ஆகிவிட்டன. 2023-இல் மறுபடியும் கதவைத் திறந்தார்கள், ஆனாலும் நான் போகும் கடையில் இன்னும் ஆள் ஒருவர்தான். மன்னார்குடிப் பக்கத்துக்காரர். பதினைந்து வெள்ளி. என் தலைக்கு அது அதிகம் என்று அவருக்கும் தெரியும். தலையைப் பிடித்து நன்றாகத் தட்டிவிட்டுக் கணக்கைச் சரிசெய்துவிடுவார்.

அன்று மாலையே போய் உட்கார்ந்தேன். கத்தரி வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. வெள்ளைத் துணியை அவிழ்த்து உதறினார். தரையில் என்னுடையது ஏழெட்டு நரை. அதைச் சுற்றி, என் சட்டையிலிருந்தும் கால்சட்டையிலிருந்தும் விழுந்த ஆரஞ்சு முடி ஒரு குவியல். துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு தரையையும் என் தலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணே, மருதாணி போட ஆரம்பிச்சதைச் சொல்லவே இல்லையே?"