கோழிக்கூட்டின் மேல் கிடந்த அலைப்பலகை

தெர்மாகோல், பிளந்த மூங்கில், அம்மாவின் கிழிந்த பருத்திப் புடவை, ஃபெவிகால், எனாமல் பெயின்ட். அண்ணனின் பலகையில் இருந்தது இவ்வளவுதான். தொண்ணூறுகளின் நடுவில் அவன் செய்தது. கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையிலுள்ள எங்கள் குப்பத்தில் அப்போது சர்ஃபிங் என்ற பேச்சே கிடையாது. மாமல்லபுரத்தில் ஒரு வெளிநாட்டுக்காரர் பலகைமேல் நின்றபடி அலையோடு கரைக்கு வந்ததை அண்ணன் ஒருமுறை பார்த்திருந்தான். அது போதுமானதாக இருந்தது. ஐஸ் ஃபேக்டரி சுவரிலிருந்து பெயர்த்துப் போட்ட தெர்மாகோல் அட்டைகளைப் பொறுக்கி வந்து அடுக்கி ஒட்டினான். நெடுக மூங்கிலைப் புதைத்தான். ஹாக்ஸா பிளேடால் சீவிச் சீவி ஏழடி நீளத்துக்கு ஒரு வடிவம் கொண்டுவந்தான். புடவையை ஃபெவிகாலில் முக்கி மேலே சுற்றினான். கால் வழுக்காமல் இருக்க மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தியைத் தேய்த்தான்.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "சோறு போடுற கடல்ல என்னடா வெளையாட்டு?" என்பார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது; ஆடி மாதக் கடல் யாரை எப்போது இழுக்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால் பலகை பழைய வலைக் குவியலுக்கு அடியில் ஒளிந்திருந்தது. என் வேலை, அப்பா வருகிறாரா என்று பார்த்து விசில் அடிப்பது. பலகையில் ஏற எனக்கு அனுமதி இல்லை. பெண்பிள்ளை கடலில் இறங்குவதா என்று கேட்க ஊரில் எல்லோருக்கும் வாய் இருந்தது.

அந்தப் பலகை ஒரு பருவத்துக்கு மேல் தாங்கவில்லை. வெள்ளை ஃபெவிகால் தண்ணீரில் ஊறினால் இளகிவிடும். எனாமலில் மயிரிழை விரிசல் விழுந்ததும் உப்புத் தண்ணீர் உள்ளே போனது, புடவை பொருக்குப் பொருக்காக எழும்பியது. பிறகு கொஞ்ச காலம் ஐஸ் பெட்டிக்கு மூடி. அதன்பின் அம்மா அதைக் கோழிக்கூட்டின் மேல் போட்டு ஒரு கருங்கல்லையும் தூக்கி வைத்தாள். சுனாமி எங்கள் வீட்டு முன்சுவரை எடுத்துக்கொண்டு போனது. பின்கட்டில் இருந்த கோழிக்கூட்டை விட்டுவைத்தது.

இன்று அதே கடற்கரையில் சர்ஃப் பள்ளிகளின் பெயர்ப் பலகைகள் நிற்கின்றன. 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப்பே மாமல்லபுரத்தில் நடந்தது. நம் குப்பத்துப் பையன்கள் பயிற்சியாளர்களாகச் சம்பளம் வாங்குகிறார்கள். என் மகள் பள்ளி விட்டு வந்ததும் பலகையோடு ஓடுகிறாள். அன்று அண்ணனைத் துரத்திய அப்பா இன்று மணலில் உட்கார்ந்து அவளுக்கு அலை சொல்கிறார். "இது வேணாம், அடுத்ததும் வேணாம், அதுக்குப் பின்னாடி வருது பாரு!" அவர் சொன்ன அலை ஒருநாளும் பொய்த்ததில்லை.

இதில் அதிசயப்பட எனக்கு ஒன்றுமில்லை. இந்த மனிதர்கள் கட்டுமரத்தில் அலையைக் கடந்தவர்கள். சென்னையில் துறைமுகம் கட்டும் முன், கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நின்ற காலத்தில், மசூலாப் படகுகூட இறங்க முடியாத கொந்தளிப்பில் தொப்பிக்குள் கடிதங்களைச் செருகிக்கொண்டு கப்பலுக்கும் கரைக்கும் போய்வந்தவர்கள் கட்டுமரக்காரர்கள்தான். அலையில் ஏறி வரும் வித்தை எங்கிருந்தோ எங்களுக்கு வந்தது என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது.

போன வருடம் ஒரு தங்கும் விடுதிக்காரர் அண்ணனின் பலகையைப் பார்த்துவிட்டு விலை பேசினார். உணவகச் சுவரில் மாட்ட வேண்டுமாம். அப்படியே அழுக்கோடு, கோழி எச்சத்தின் கறையோடு இருந்தால்தான் அழகு என்றார். நான் மறுத்துவிட்டேன். மிதப்பதற்காகச் செய்த பொருளை ஆணியில் தொங்கவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. அன்று மாலையே அதை ஃபைபர் மாமா வீட்டுக்குத் தூக்கிப் போனோம்.

மாமாவின் அப்பா கட்டுமரம் கட்டியவர். சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தபோது, மாமா ரெசின் வேலை கற்றுக்கொண்டார். இப்போது சுற்றுவட்டாரத்தில் எந்தப் படகின் அடி பிளந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பலகையைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்தார், மீன் தராசில் வைத்தார். 12 கிலோ. "பாதிக்கு மேல தண்ணி. மொதல்ல காயணும் பாப்பா" என்றார். கட்டுமரத்துக்கும் அதுதான் வழக்கம். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக உலர்த்துவார்கள். ஈரம் குடித்த மரம் கனத்துப்போகும். நாங்கள் பெயின்ட்டையும் துணியையும் உரித்தோம். வாலில் துளை போட்டு, வால் கீழே இருக்கும்படி நிழலில் நிறுத்தினோம். வெயிலில் வைத்தால் தெர்மாகோல் கொப்பளித்துவிடும். அடியில் வைத்த தட்டில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. வாரம் ஒருமுறை எடை. 5 கிலோவில் வந்து முள் அசையாமல் நின்ற பிறகுதான் மாமா சம்மதித்தார்.

அடுத்து அவர் செய்ததை நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உடைந்து விழுந்த தெர்மாகோல் துண்டு ஒன்றைத் தரையில் வைத்து, படகுக்குப் போடும் பாலியஸ்டர் ரெசினில் ஒரு சொட்டு விட்டார். வெள்ளை மணிகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. சொட்டு கீழே இறங்கிக்கொண்டே போனது. கண்ணெதிரே விரல் நுழையும் அளவுக்கு ஒரு குழி. "இந்த ரெசின்ல இருக்குற ஸ்டைரீன் தெர்மாகோலைத் தின்னுடும். இதுக்கு எபாக்சி ரெசின்தான்." படகுக்குப் போடும் கண்ணாடி இழைப் பாயும் வேண்டாம் என்றார். அந்தப் பாயில் இழைகளைப் பிடித்துவைத்திருக்கும் பசை ஸ்டைரீனில்தான் சரியாகக் கரையும். எபாக்சியோடு ஒட்டாமல் விறைத்து நிற்கும், ரெசினையும் அளவில்லாமல் குடிக்கும். அதனால் நெய்த கண்ணாடித் துணி வாங்கி வந்தோம்.

மூங்கில் மக்கிப் போயிருந்தது. அதன் இடத்தில் வைக்க, மாமா வீட்டுத் திண்ணையில் உட்காரும் பலகையாகக் கிடந்த பழைய கட்டுமரத் துண்டிலிருந்து ஒரு பட்டை சீவினார். லேசான மரம், நகம் வைத்தால் பதியும். ஆனால் நீளவாட்டில் வளைத்தால் விறைப்பாக நின்றது. குழிகளுக்குப் புதுத் தெர்மாகோலை வெட்டிச் செருகி, எமரி ஷீட் போட்டுத் தேய்த்தோம். அண்ணன் செதுக்கிய முகப்பின் லேசான கோணலை நேராக்க வேண்டாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

துணி ஒட்டுவதை மாமா மாலையில் வைத்துக்கொண்டார். காலையில் ஒட்டினால் வெயில் ஏற ஏறத் தெர்மாகோலுக்குள் இருக்கும் காற்று விரிந்து, இளகிய ரெசினைக் குமிழாகத் தள்ளிவிடும். சூடு இறங்கும் நேரத்தில் ஒட்டினால் அதே காற்று சுருங்கி ரெசினை உள்ளே இழுக்கும். கலந்த எபாக்சியைக் கிண்ணத்திலேயே விட்டுவைத்தால் நம் ஊர் வெக்கைக்கு அது தானாகவே புகையும்; அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அகலமான தட்டில் ஊற்றி, ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்தார். வெள்ளைத் துணி நனைந்த இடமெல்லாம் காணாமல் போனது. அடியில் கட்டுமரப் பட்டை தேன் நிறத்தில் தெரிந்தது.

பழைய பலகையைச் செப்பனிட்டவர்கள் முன்பும் உண்டு. டாம் பிளேக் என்ற அமெரிக்கர் 1920-களில் ஹொனலுலுவின் பிஷப் அருங்காட்சியகத்தில் இருந்த ஹவாய்த் தலைவர்களின் பழைய பலகைகளைச் செப்பனிட்டார். அந்த வேலைதான் அவரை யோசிக்க வைத்தது. கனமான பலகையை நகல் செய்து, நிறையத் துளை போட்டு எடையைக் குறைத்து, மேலே மெல்லிய மரத்தால் மூடினார். உள்ளீடற்ற பலகை அப்படித்தான் பிறந்தது. 1935-ல் பலகையின் அடியில் மீன் துடுப்பு போன்ற ஃபின்னைப் பொருத்திப் பார்த்தவரும் அவரே. எங்கள் பலகைக்கும் மாமா ஒரு ஃபின் வெட்டி ஒட்டினார். பழையதைப் பிரித்துப் பார்க்கும் கைக்கு மட்டும் பிடிபடுகிற அறிவு என்று ஒன்று இருக்கிறது என்று நான் நம்புகிறேன். மாமாவிடமும் அது இருக்கிறது. எந்தச் சான்றிதழிலும் அது ஏறவில்லை. சர்ஃப் பள்ளிகள் உடைந்த பலகைகளைத் தூர ஊர்களுக்கு அனுப்புவதை விட்டு இவரைத் தேடி வர வேண்டும்.

மகள்தான் முதலில் எடுத்துப் போனாள். பிறகு நானும் குப்புறப் படுத்து ஒரு நுரை அலையில் கரை வரைக்கும் வந்தேன். விசில் அடித்துக் காவல் காத்த இடத்தைத் தாண்டித்தான் பலகை நின்றது. பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கலை அண்ணன் முடித்து வந்த அன்று பலகையைத் தூக்கி எடை பார்த்தான், முகப்பைத் தடவினான், நேராக மாமாவிடம் போய் ஃபின் எங்கே வெட்டியது என்று கேட்டான்.

வால் லேசாக இழுக்கிறது. திருப்பும்போது சறுக்குகிறது என்கிறாள் மகள். ஃபின்னை இரண்டு விரற்கடை பின்னுக்குத் தள்ளி ஒட்டலாம் என்கிறார் மாமா. தள்ளக் கூடாது, இன்னும் ஆழமாக வெட்ட வேண்டும் என்று அண்ணன் வாதாடுகிறான். மிச்சமிருக்கும் கண்ணாடித் துணி பக்கத்து வீட்டுப் பையனுடைய பலகைக்குப் போதும். எபாக்சிதான் இன்னும் ஒரு கிலோ வாங்க வேண்டும்.