கேளுங்க மாமாவை: பேருக்குப் பட்டா வாங்கியாச்சா?

நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மில் கடைப் பேரைப் பதிந்துவிட்டேன். இனி எவனும் கைவைக்க முடியாதே?
– புதுக் கடைக்காரர், பிரிக்பீல்ட்ஸ்

வருடத்துக்கு 60 வெள்ளி கட்டி, 'வியாபாரம் செய்கிறேன்' என்று அரசாங்கத்திடம் சொல்லியிருக்கிறீர்கள். அவ்வளவுதான். பேருக்குப் பட்டா, அதாவது வணிகச்சின்னப் பதிவு, தருவது பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபோ.

பட்டா என்ன விலை?
– அதே கடைக்காரர் (விடமாட்டார் போல)

உங்கள் பொருளை, சேவையை விவரிக்க அவர்கள் பட்டியலில் உள்ள சொற்களையே எடுத்தால் ஒரு வகுப்புக்கு 950 வெள்ளி. சொந்த நடையில் எழுதினால் 1,100. இலக்கிய ஆசைக்குத் தண்டம் 150! பத்து வருடம் தாங்கும், பிறகு புதுப்பிக்கலாம். திறப்புவிழா நாதஸ்வரத்துக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறேன். மசாலாத்தூளும் பாக்கெட் போடுகிறேன். ஒரே பதிவு போதுமா?
– மசாலா அக்கா, கிள்ளான்

கடை 43ஆம் வகுப்பு, தூள் 30ஆம் வகுப்பு. ஒரே மனுவில் போடலாம். கட்டணம் மட்டும் இரண்டு. பேரைத் தமிழில் எழுதினால் உச்சரிப்பும் பொருளும் சேர்த்துக் கொடுங்கள். அதிகாரிக்கும் நாக்கு ஊறட்டும்.

பாட்டியின் மீன்குழம்புக்குக் காப்புரிமை கிடைக்குமா?
– பேரன், செந்தூல்

கிடைத்தால் இருபது வருடம். ஆனால் செய்முறையை வரிவரியாக எழுதி ஊருக்குக் காட்ட வேண்டும். மருமகளிடமே சொல்லாதவர் மைஐபோவிடம் சொல்வாரா? அதோடு, 'புதிது' என்று நிரூபிக்க வேண்டும். நாற்பது வருடமாகத் தெருவே சாப்பிட்ட குழம்பு!

பெரிய கம்பெனி வழக்குப் போட்டால் நம்மவன் தாங்குவானா?
– பயந்தவர், ஷா ஆலம்

ஜாலான் ஈப்போ 'மெக்கறி' உணவகம் தாங்கியது. 1999இல் கடை, 2001இல் மெக்டொனால்ட்ஸ் வழக்கு. 2006இல் உயர்நீதிமன்றத்தில் தோல்வி. 2009இல் மேல்முறையீட்டில் வெற்றி; அதே ஆண்டு செப்டம்பரில் கூட்டரசு நீதிமன்றமும் மெக்டொனால்ட்ஸுக்குக் கதவைச் சாத்தியது. மெக்கறி என்பது 'மலேசியன் சிக்கன் கறி'யின் சுருக்கமாம்! எட்டு வருடம் கோர்ட்டு வாசலில் கறி கொதித்தது. எல்லாருக்கும் அவ்வளவு கேஸ் இருக்காது.

இதற்கெல்லாம் அரசாங்கம் காசு தராதா?
– கைகாலி, பூச்சோங்

2013 பட்ஜெட்டில் 20 கோடி வெள்ளி ஒதுக்கினார்கள். அறிவுசார் சொத்தை ஈடாக வைத்து மலேசியா டெப்ட் வென்ச்சர்ஸ் கடன் தந்தது. வட்டியில் 2% தள்ளுபடி, கடனில் பாதிக்கு அரசு உத்தரவாதம். தொழில்நுட்பக் கம்பெனிகளை மனத்தில் வைத்த திட்டம். தோசைக்கல் அந்த வாசல்வரை போயிருக்காது. தெக்குன் நிறுவனத்தின் ஸ்பூமி திட்டம் நம் இந்தியச் சமூகத்துக்கானது. அதுவும் கடன்தான், மானியம் இல்லை. ஐரோப்பாவில் 2021 முதல் சிறு நிறுவனங்களுக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறார்கள். நாம் பெருமூச்சு விடலாம், அதற்குக் கட்டணமில்லை. ஒரு மிச்சம்: உள்நாட்டவர் ஏஜெண்டு இல்லாமல் தாமே இணையத்தில் மனுப் போடலாம்.

பதிந்த பேரை அடகு வைக்கலாமா?
– அதே கைகாலி

2019 வணிகச்சின்னச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் இன்றைக்கும் மசீது இந்தியா அடகுக்கடையில் தாலிக்கொடிக்குத்தான் மவுசு.

'மாமா' என்ற பேரை நீங்கள் பதிந்தீர்களா?
– குறும்பன், காஜாங்

எங்கே! மனுவின் விளம்பரம் வந்தபின் மற்றவர்கள் ஆட்சேபிக்க இரண்டு மாதம் கொடுப்பார்கள். கிள்ளானில் மட்டும் ஐந்நூறு மாமாக்கள் வரிசையில் நிற்பார்கள். அதில் பாதிப் பேர் எனக்கே மாமா.