மருந்து என்று ஒரு பெயர்

மலேசியாவின் சிலிபினில் எங்கள் வீட்டுப் பின்கட்டு சின்னது. பெலிம்பிங் என்கிற நட்சத்திரப்பழ மரம் ஒன்று, இரண்டு கொய்யா, ஒரு மா, வேலியோரம் எலுமிச்சை, மூலையில் நங்கா என்கிற பலா ஒன்று. போன மாதம் அடுத்த தெரு அண்ணன் ஒருவர் வந்திருந்தார். கீழே உதிர்ந்து கிடந்த பெலிம்பிங் பழங்களைக் காலால் ஒதுக்கிவிட்டு, "மருந்து அடிக்காம விட்டா இப்படித்தான். என்கிட்ட அரைப் போத்தல் கிடக்கு, கொண்டு வரட்டா?" என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். வேண்டாம் அண்ணே என்றேன். ஏன் என்று அவர் கேட்டபோது சரியாகச் சொல்ல வரவில்லை. இரவெல்லாம் யோசித்தேன். அந்தப் போத்தலுக்குச் சேர வேண்டிய புகழை எல்லாம் அதற்கே எடுத்துச் சொல்லிவிடுவதுதான் நல்ல பதில் என்று தோன்றியது. இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

மருந்தே, உன் முதல் பெருமை உன் பெயர். இந்த நாட்டில் உன்னைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1974-இல் வந்தது. அதன் மலாய்ப் பெயரிலேயே நீ ‘ராச்சுன்’, அதாவது நஞ்சு. உன் போத்தலின் மேலும் அதே சொல்தான். மலாய்க்காரர் கடையில் போய் ராச்சுன் கேட்கிறார். தமிழனோ மருந்து கேட்கிறான். காய்ச்சலுக்குக் குழந்தையின் வாயில் ஊற்றுவதற்கும், புழுவுக்கு மரத்தின் மேல் ஊற்றுவதற்கும் நம்மிடம் ஒரே சொல். திருவள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரமே வைத்தார். அதில் உனக்கு இடமில்லை. ஆனாலும் தோட்டத்து லயம் தோறும் அந்தப் பெயரை நீ வாங்கிவிட்டாய். வேறு எந்த நஞ்சுக்கும் எங்கள் மொழி இவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.

அடுத்தது உன் சமநோக்கு. காலையில் ஒரு பம்பு அடித்தால் மாலையில் மரத்தடியில் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். இலையைச் சுருட்டிய புழுவும் கிடக்கும், அந்தப் புழுவைத் தின்ன வந்த சிலந்தியும் கிடக்கும். மாவுப்பூச்சியும் கிடக்கும், மாவுப்பூச்சியைத் தின்று தீர்க்கும் பொறிவண்டும் கிடக்கும். பூவுக்கு வந்த தேனீயும் பக்கத்திலேயே கிடக்கும். இன்னார் வேண்டியவர், இன்னார் வேண்டாதவர் என்று நீ பார்ப்பதில்லை. ஒரே ஓர் ஆளை மட்டும் விட்டுவிடுகிறாய். பழ ஈ தன் ஊசி போன்ற வாலால் பெலிம்பிங்கின் தோலைத் துளைத்து உள்ளே முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். புழு பழத்துக்குள்ளேயே பொரிந்து, சதையைத் தின்று வளரும். நீ தோலின் மேல் பளபளவென்று காய்ந்திருப்பாய். உள்ளே அது சௌக்கியமாக இருக்கும். குறுக்கே வெட்டினால் நட்சத்திரத்தின் ஐந்து கையிலும் வெள்ளைப் புழு நெளியும்.

உன் நன்றியையும் சொல்ல வேண்டும். ஒரு முறை கூப்பிட்ட வீட்டை நீ விட்டுப் போவதே இல்லை. சபாவில் தாவாவ் பக்கம் கோயின் ஹில் என்ற இடத்தில் கொக்கோ பயிரிட்டார்கள். பூச்சி வந்தது, உன்னை அழைத்தார்கள். நீ வந்தபின் இலைதின்னும் புழுக்களும் பை கட்டிக்கொண்டு தொங்கும் புழுக்களும் முன்னைவிடப் பெருகின. இன்னும் கூடுதலாக உன்னை அழைத்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் அங்கே வேலை பார்த்த கோர்டன் கான்வே என்ற பூச்சியியலாளர் கணக்கைத் திருப்பிப் பார்த்தார். புழுவின் உடம்பில் முட்டையிட்டு அதைக் கொல்லும் சின்னஞ்சிறு குளவிகளைத்தான் நீ முதலில் தீர்த்திருந்தாய். கண்டபடி தெளிப்பதை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினார்கள். குளவிகள் திரும்பி வந்தன. பெரும்பாலான புழுக்களை அவையே அடக்கின. தீபகற்பத்துச் செம்பனைத் தோட்டங்களிலும் பைப்புழுவின் கதை அதே காலத்தில் இப்படித்தான் நடந்தது. வேலைக்காரனுக்கு வேலையை உண்டாக்கிக் கொடுப்பதில் உனக்கு நிகர் யாருமில்லை.

உன்னுடைய இன்னொரு முகம் புல்லுக்கு அடிக்கும் பாராக்குவாட். பழமரத்தடியைச் சுத்தமாக வைத்திருக்க இன்றும் உன்னைத் தேடுகிறவர்கள் உண்டு. நீ சந்தைக்கு வந்தது 1962. ரேச்சல் கார்சன் பூச்சிக்கொல்லிகளைப் பற்றி ‘மௌன வசந்தம்’ எழுதி வெளியிட்டதும் அதே ஆண்டுதான். உன்னைத் தோட்டத்தில் சுமந்தது பெரும்பாலும் எங்கள் பெண்கள். ரப்பர் பால் வெட்டுக்குப் போகாதவர்கள் முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு நிரை நிரையாக நடந்தார்கள். என் அம்மாவும் நடந்தார். தோட்டத்தின் பெயர் வேண்டாம், எல்லாத் தோட்டத்திலும் நடந்ததுதான். கையுறை இல்லை. வாயில் ஒரு பழைய துண்டு. மூடியைத் திருகிக் கலக்கும்போது விரலில் வழியும். சேலைத் தலைப்பில் துடைத்துக்கொள்வார். முதலில் நகத்தின் ஓரம் வெள்ளைக் கோடு விழுந்தது. பிறகு நகம் பழுப்பாகி, நடுவில் பிளந்து, ஒரு நாள் சாதம் பிசையும்போது பெயர்ந்து தட்டில் விழுந்தது. அவர் அதை எடுத்துத் தூர வைத்துவிட்டு, எங்களுக்கு உருண்டை பிடித்துக் கொடுத்தார். அந்தத் தட்டை நான் இன்னும் பார்க்கிறேன். உன் கையெழுத்தை என் அம்மா சாகும்வரை விரலில் வைத்திருந்தார். அத்தனை நெருக்கம் உனக்கு.

2002-இல் பெண்கள் உரிமைக்கான தெனாகானித்தா அமைப்பும் பூச்சிக்கொல்லிகளை எதிர்க்கும் ஆசிய-பசிபிக் அமைப்பும் தோட்டத்தில் மருந்தடிக்கும் பெண்களைக் கண்டு பேசி ஓர் அறிக்கை வெளியிட்டன. நஞ்சூட்டப்பட்டு வாயடைக்கப்பட்டவர்கள் என்பதுதான் அதன் தலைப்பின் பொருள். அதே ஆண்டு உன்னைப் படிப்படியாக ஒழிப்பதாக அரசாங்கம் அறிவித்தது. 2006-இல் தடையைத் தளர்த்தியது. ஐரோப்பிய நீதிமன்றம் மறு ஆண்டே உன் அனுமதியை ரத்து செய்தபோது, நீ இங்கே எங்களோடு இருந்தாய். 2020 ஜனவரி 1-ஆம் தேதிதான் உனக்கு முழுத் தடை வந்தது. உன் உறவினன் குளோர்பைரிபாஸுக்கு விவசாயத்தில் இடமில்லை என்று ஆனது 2023 மே 1-ஆம் தேதி. எத்தனை பேர் எதிர்த்தும் இத்தனை ஆண்டு தாக்குப் பிடித்த உறுதி சாதாரணமானதில்லை. உள்ளே போய்விட்டால் பாராக்குவாட்டுக்கு மாற்று மருந்து கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சொன்ன சொல் மாறாதவன் நீ.

இனி உனக்குப் பதிலாக நான் வைத்திருப்பவற்றின் குறைகளைச் சொல்கிறேன். அவற்றுக்குக் குறை நிறைய.

பெலிம்பிங் கட்டைவிரல் அளவு வரும்போதே ஒவ்வொரு பிஞ்சாகக் காகிதப் பையில் கட்ட வேண்டும். நம் நாட்டுப் பெலிம்பிங் தோட்டக்காரர்கள் பெரும்பாலும் செய்வது இதுதான். அம்மா தமிழ் நேசன் நாளிதழ்த் தாளை மடித்து, வாழை நாரால் கட்டுவார். ஏணியில் நின்றால் கழுத்து வலிக்கும். ஒரு கிளையை விட்டுவிட்டால் அந்தக் கிளை ஈக்குத்தான். நங்காவுக்குப் பழைய அரிசிச் சாக்கு போதும். அதுவும் மழையில் நைந்துபோகும், மாற்ற வேண்டும்.

உதிர்ந்த பழத்தைத் தினமும் பொறுக்க வேண்டும். விட்டால் புழு வெளியே வந்து மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும்; அடுத்த ஈப்படை அங்கிருந்துதான் கிளம்பும். பொறுக்கியதைக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிச் சில நாள் வெயிலில் போட்டால் உள்ளேயே வெந்து சாகும். நாறும். சகித்துக்கொள்ள வேண்டும்.

துளசியும் உண்டு. 1912-இல் இந்தியாவில் ஹவ்லெட் என்ற பூச்சியியலாளர், சிட்ரனெல்லா எண்ணெயை நாடி ஆண் பழ ஈக்கள் மட்டும் வருவதைப் பதிவு செய்தார். ஈயை இழுக்கும் பொருள் மெத்தில் யூஜினால் என்று பின்னர் தெரிந்தது. அது துளசியிலும் இருக்கிறது. அம்மா கும்பிட்ட மாடத்துத் துளசியில் ஓர் இலையைக் கசக்கி வைத்துவிட்டு நின்று பாருங்கள். மஞ்சள் பட்டை போட்ட ஈ ஒன்று வந்து, இலையை நக்கத் தொடங்கிவிடும், விரல் பக்கத்தில் போனாலும் நகராது. போத்தலில் துளை போட்டு உள்ளே துளசிச் சாறு நனைத்த பஞ்சைத் தொங்கவிட்டால் பொறி தயார். ஆனால் வருவது ஆண் ஈ மட்டும். தப்பிய ஒரே ஆண் பல பெண்களோடு சேரும். என் வீட்டில் மட்டும் வைத்தால் போதாது, தெரு முழுக்க வைக்க வேண்டும்.

கெரெங்கா என்கிற முசுறு எறும்புதான் இவற்றில் மூத்தது. ஆரஞ்சு மரங்களுக்காக அதன் கூட்டைச் சந்தையில் விற்றதைச் சீனாவின் சீ ஹான் கி.பி. 304-இல் எழுதி வைத்திருக்கிறார். பூச்சியைக் கொண்டு பூச்சியை அடக்கியதற்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்து அது. முசுறு நடமாடும் மாம்பழத்தில் பழ ஈ உட்காரவே தயங்கும். எறும்பு விட்டுப்போன வாடையே அதற்குப் போதும். எங்கள் மாமரத்தில் இலைகளை இழுத்துப் பிடித்து, தன் புழுவின் வாயிலிருந்து வரும் நூலால் அது தைப்பதைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். குறையும் உண்டு. மாங்காய் பறிக்கப் போனால் கடித்துப் பிடுங்கிவிடும். இனிப்பு நீருக்காக மாவுப்பூச்சிகளைக் காவல் காத்து வளர்க்கும். அந்தக் கிளையை நான்தான் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுகிறேன்.

இயற்கை என்று சொன்னதெல்லாம் நல்லது என்றும் நினைக்கவில்லை. மலாயாக் காட்டுத் தூபா வேரும் இயற்கைதான். அதை இடித்து ஆற்றில் கரைத்தால் மீன் மிதக்கும். அதனால்தான் ஒவ்வொன்றையும் அருகில் போய்ப் பார்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது. மருந்தே, உன்னை அடிப்பவன் மரத்தைப் பார்க்கவே வேண்டாம். மூச்சை அடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும். அந்த வசதியை என்னால் தர முடியாது.

அண்ணே, உங்களிடம் இருக்கும் அரைப் போத்தலைச் சாக்கடையில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். நம் சாக்கடை பாரி ஆற்றுக்குப் போகிறது, பாரி ஆறு கிந்தா ஆற்றில் கலக்கிறது. மூடியை இறுக்கி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். விவசாய இலாகாவில் கேட்டு ஒப்படைத்துவிடலாம், நானும் கூட வருகிறேன். காலிப் போத்தலில் தண்ணீரோ மண்ணெண்ணெயோ பிடித்து வைக்காதீர்கள். பேரப்பிள்ளை வந்து அது என்ன தாத்தா என்று கேட்டால், மருந்து என்று சொல்லாதீர்கள். நஞ்சு என்று சொல்லுங்கள்.