பாட்டன் ஏட்டை நீட்டுலே!

ஏலே பேராண்டி, வக்கீல் படிப்பு முடிச்ச கையோட மேகோங் ஆத்தங்கரைச் சனத்துக்காக, மேல அணை கட்டுற சீனாக்காரன்கிட்ட நியாயம் கேக்கப் போறியாமே. போ, போ. ஆனா ஐ.நா. காயிதக் கட்டைத் தூக்கிட்டு ஓடாத. எல்லை தாண்டி ஓடுற ஆறுகளுக்கு 1997-ல ஒரு ஒப்பந்தம் போட்டாங்க பாரு, அப்பவே வேண்டாம்னு ஓட்டுப் போட்டது மூணே தேசம். சீனா, துருக்கி, புருண்டி. அவன் வேண்டாம்னு தள்ளின காயிதத்தையே அவன்கிட்ட நீட்டுனா காத்தாடி விடத்தான் ஆகும்.

வித்தையை அவன்கிட்டயே படி. 1864-ல பிரஷ்யாக்காரன் சீனக் கடல்ல வச்சு டென்மார்க் கப்பல்களைப் பிடிச்சுக்கிட்டான். சீனாக்காரன் பீரங்கியத் தூக்கல. மார்ட்டின்னு ஒரு அமெரிக்கப் பாதிரியார் சீனத்துல பெயர்த்துக் குடுத்த வீட்டன்ங்கிற மேல்நாட்டுச் சட்ட அறிஞரோட புத்தகத்துல இருந்த வாதத்தையே எடுத்து வச்சுப் பேசினான். கப்பலும் வந்துச்சு, நஷ்டஈடும் வந்துச்சு.

இப்ப நீ அவன் பாட்டன் ஏட்டை எடு. கி.மு. 651-ல ச்சி நாட்டு ஹுவான் கோமகன், குய்ச்சியுல சிற்றரசர்களையெல்லாம் கூட்டிவச்சு உடன்படிக்கை செஞ்சாரு. பழைய சீன ஞானி மென்சியஸ் சொல்லியிருக்காரு. பலிமாட்டைக் கட்டி, அது மேல ஏட்டை வச்சாங்களாம். வழக்கமா உதட்டுல பூசிக்கிற ரத்தத்தைக்கூட அன்னிக்குப் பூசலையாம். பேச்சு மேல அம்புட்டு நம்பிக்கை! அந்த ஏட்டுல இருந்த ரெண்டு சங்கதி உனக்குப் போதும்: அடுத்தவனுக்குக் கேடா அணை கட்டப்படாது, பஞ்சத்துல தானியம் போறதை மறிக்கப்படாது.

மேகோங் கரையிலயா உக்காந்திருக்கோம்னு தோணும்.

எதிராளி சும்மா இருக்கமாட்டான். சோங் நாட்டுக் கோமகன் கதையை எடுத்து விடுவான். கி.மு. 638-ல எதிரி சூ நாட்டுப் படை ஆத்தக் கடந்துட்டிருக்கு. "இப்பவே அடிச்சிருவோம்"னு கூட இருந்தவங்க சொன்னாங்க. மனுசன் கேக்கல. அவங்க கரையேறி அணிவகுத்து நிக்கட்டும், அதான் முறைன்னாரு. நின்னாங்க, அடிச்சாங்க. கோமகனுக்குத் தொடையில காயம், மறுவருசம் சாவு. மாவோகூட 1938-ல அவரை நக்கலடிச்சு எழுதியிருக்காரு. முறை பாத்தவன் கதி இதான்னு உன்னையும் கெக்கலிப்பாங்க.

நீயும் கூடச் சேர்ந்து சிரிச்சுட்டு, அணைச் சங்கதியை மறுபடி வாசி. தொடை பத்திரம். ஃபீஸை மட்டும் முன்கூட்டியே வாங்கிரு.