திருமழிசைக்காரர் செய்த ஸ்டிரைக்

பூந்தமல்லி தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு வழிவிட்டுக்கொண்டே போனால் திருமழிசை வரும். இந்தப் பக்கம் கொடுத்த பெரிய பாட்டுக்காரர் ஒருவர் இந்த ஊர்க்காரர்தான்: திருமழிசையாழ்வார். குருபரம்பரைக் கணக்கில் அவர் பூமியில் இருந்தது 4,700 வருஷம். ஆராய்ச்சிக்காரர்கள் ஈவு இரக்கமில்லாமல் ஏழாம் நூற்றாண்டுக்குள் மடக்கிவிடுகிறார்கள். நம் சட்டப்படி பாட்டெழுதியவர் போய்ச் சேர்ந்த பிறகு 60 ஆண்டு வரை உரிமை உண்டு. இவர் கணக்கில் அது சில்லறை.

மூங்கில் புதரடியில் கிடந்த பிள்ளையை எடுத்து வளர்த்தவர், பிரம்பு அறுத்துப் பிழைத்த திருவாளன். வீட்டில் ஒரு கைத்தொழில் இருந்தது என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

தகராறு நடந்தது காஞ்சியில். தன் இடத்தைப் பெருக்கி மெழுகிய கிழவிக்கு ஆழ்வார் இளமையை வரமாகக் கொடுத்தார். சம்பளமாகக் கொடுத்திருந்தால் இவ்வளவு வம்பு வந்திருக்காது. பல்லவ ராஜா அந்தப் பெண்ணைப் பார்த்தார், கட்டிக்கொண்டார். வருஷம் ஓட ஓட ராஜாவுக்கு நரை தட்டியது, ராணிக்குத் தட்டவில்லை. ரகசியம் தெரிந்ததும் ஆழ்வாரின் சீடர் கணிகண்ணனைக் கூப்பிட்டனுப்பினார்.

"உங்க குருவை அழைச்சிட்டு வாய்யா."

"அவர் யார் வாசலுக்கும் வர மாட்டாருங்க மகாராஜா."

"சரி, நீயாவது என்மேல ஒரு பாட்டுப் பாடு."

"மனுஷங்கமேல பாடுறதில்லைங்க."

உடனே நாடுகடத்தல். இந்தக் காலமாக இருந்தால் அடுத்த படத்துக்குக் கூப்பிடாமல் விட்டிருப்பார்கள்.

ஆழ்வார் நேரே திருவெஃகா கோயிலுக்குப் போனார். பையன் கிளம்பிவிட்டான், நானும் போகிறேன், உமக்கு மட்டும் இங்கே என்ன வேலை என்றார். பெருமாள் மறுபேச்சு பேசவில்லை. பாம்புப் படுக்கையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

2014-ல் டெய்லர் ஸ்விஃப்ட் ஸ்பாட்டிஃபையிலிருந்து தன் பாட்டையெல்லாம் எடுத்துக்கொண்டு போனபோது உலகமே வாயைப் பிளந்தது. அவர் கொண்டுபோனது பாட்டை மட்டும்தான். நம்ம ஆள் முதலாளியையே கூட்டிக்கொண்டு போனார்! காஞ்சி இருண்டது, ராஜா ஓடிவந்து காலில் விழுந்தார். ஸ்விஃப்ட் சமாதானமாகத் திரும்ப 2017 ஆயிற்று. இவர்கள் பக்கத்து ஊரான ஓரிருக்கையில் ஒரே ராத்திரி தங்கிவிட்டுத் திரும்பினார்கள். வந்த பெருமாள் தலைமாட்டை மாற்றிப் படுத்தார். சமரசம் ஆன பிறகும் கறுப்பு பேட்ஜைக் கழற்றவில்லை.

இந்தப் பலம் பின்னால் வந்தவர்களுக்கு வாய்க்கவில்லை. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் சினிமாப் பாட்டு படம் எடுத்தவருக்கே சொந்தம் என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் தங்கள் ராயல்டிப் பங்கைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுக்கவே முடியாது என்று சட்டம் திருந்துவதற்கு 2012 ஆயிற்று. அம்பத்தூர் எஸ்டேட்டில் பகல் ஷிஃப்ட், ஆடி மாசத்து ராத்திரியில் அம்மன் கோயில் மேடையில் கீபோர்டு என்று ஓட்டியவர்களுக்கு அதற்குள் தலை நரைத்தே போயிற்று. அடுத்தவர் பாட்டை வாசிப்பதால் அந்த ராயல்டியில் அவர்களுக்கு ஒரு பைசா கிடையாது. கச்சேரி முடிந்து, ஸ்பீக்கர் பாக்ஸை வண்டியில் ஏற்றும்போது கையில் எண்ணிக் கொடுப்பதுதான் பேமென்ட். அதிலும் வண்டி வாடகை கழியும். மாட்டேன் என்று சொல்ல ஆழ்வார் வீட்டில் பிரம்பு இருந்தது. இவர்களுக்கும்தான் ஷிஃப்ட் இருந்தது. ஆனால் இரண்டு பாட்டுக்கு நடுவே கவுன்சிலர் அண்ணன் பெயர் எழுதிய துண்டுச்சீட்டு மேடைக்கு வந்தால், மனுஷங்கமேல பாடுறதில்லைங்க என்று எந்த மைக்கும் சொன்னதில்லை.

அந்த ராஜாவுக்குக் கடைசியில் பாட்டு கிடைத்ததா? ஆழ்வார் பாடியது மொத்தம் 216 பாட்டு. ராஜாமேல் ஒன்றுகூட இல்லை. நான்முகன் திருவந்தாதியில் ஓரிடத்தில் பெருமாளைக் குணப்பரன் என்று கூப்பிடுகிறார், அவ்வளவுதான். மகேந்திரவர்ம பல்லவனுக்கும் குணபரன் என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. விடுவார்களா? அது அவனைத்தான் குறிக்கிறது என்று அறிஞர்கள் சிலர் பிடித்துக்கொண்டார்கள். பைசா செலவில்லாமல் ராஜா டைட்டிலில் பேர் வாங்கிவிட்டார்.